ஒரே மாத்திரை, இரண்டு பெயர்

நான் இங்கிலாந்தில் நர்ஸ். பதினான்கு வருடமாக வார்டில்தான் வேலை. இந்தமுறை கும்பகோணம் பக்கம் எங்கள் ஊருக்கு லீவில் போனபோது, நோயாளி வீட்டு ஆளாக நின்று மருத்துவமனையைப் பார்க்க வேண்டியதாயிற்று.

அம்மாவுக்குப் பிரெஷர், சுகர் இரண்டும் உண்டு. நான் போவதற்கு முந்தைய வாரம் காய்ச்சல் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு நாள் இருந்துவிட்டு வந்திருந்தார். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. எழுந்தாலே தலைசுற்றல். காய்ச்சல் அலுப்பு, போகப்போகச் சரியாகிவிடும் என்றார் அப்பா. பயணக் களைப்பில் நானும் முதல் நாள் துருவிக் கேட்கவில்லை.

கண்டுபிடித்தது ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அக்கா. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய அரசுத் திட்டம் இது. பிரெஷர், சுகர் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பரிசோதித்து மாத்திரை கொடுக்கிறார்கள். அம்மாவின் பிரெஷர் ரொம்பக் குறைந்திருந்தது. “போடற மாத்திரை எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்கம்மா” என்றார் அக்கா. அம்மா டப்பாவைக் கவிழ்த்தார். அரசு கொடுத்த அம்லோடிபின் என்ற பிரெஷர் மாத்திரை ஒரு அட்டை, மருத்துவமனை எழுதிக் கொடுத்த வேறு பெயரில் இன்னொரு அட்டை. திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால் அதுவும் அம்லோடிபின்! அம்மா தினமும் இரண்டையும் போட்டிருக்கிறார். கால் வீக்கமும் தலைசுற்றலும் அதனால்தான். அக்கா அங்கேயே ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு, ஒன்றை நிறுத்தச் சொன்னார். மூன்று பக்க டிஸ்சார்ஜ் சம்மரி முழுக்க ஆங்கிலம். அதில் பழைய மாத்திரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மறுநாள் அந்த மருத்துவமனைக்குப் போனேன். சண்டை போடும் எண்ணம் இல்லை, இன்னொருவருக்கு இப்படி ஆகக் கூடாதே என்றுதான். வார்டில் இருந்த இளம் நர்ஸ் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “எனக்கு அப்பவே டவுட்டுதான்க்கா. ரவுண்ட்ஸ்ல கேட்டா சார் கோவிச்சுப்பார்.”

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. தெரிந்ததைச் சொல்லத்தான் பயம். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் அறையில் உள்ள எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. பெரிய டாக்டர் முன்னால் ஒருமுறை வாய் திறந்து பேசியவருக்கு, அப்புறம் ஏதாவது தப்பாகப் பட்டால் சொல்லவும் வாய் வரும். இதற்குப் பணம் வேண்டாம், கருவி வேண்டாம். மேலே இருப்பவர் கேட்கத் தயாராக இருந்தால் போதும்.

மறுபடி போய் நர்சிங் சூப்பரின்டென்டன்ட் அம்மாவைப் பார்த்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்க ஒரு தாள் எழுதிக் காட்டினேன்: தமிழில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம். நான்காவது கட்டத்தில் ‘இனி போட வேண்டாம்’. அவர் அந்த இளம் நர்ஸைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்காரச் சொல்லி, “நீ என்ன நினைக்கிற, சொல்லு” என்றார். தாளை வாங்கி வைத்துக்கொண்டு, டாக்டரிடம் தானே பேசுவதாகச் சொன்னார். அந்தப் பெண்ணை உட்காரவைத்துக் கேட்டாரே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

நான் ஊரிலிருந்து கிளம்பும் அன்று அம்மாவின் கால் வீக்கம் வடிந்திருந்தது. பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல் வரை வந்து வழியனுப்பினார்.