சாதி கடந்து கட்டுகிறவர்களுக்கு: சுயமரியாதைத் திருமணமா, சிறப்புத் திருமணச் சட்டமா?

அனுலோமம் (ஆண் மேல்சாதி), பிரதிலோமம் (பெண் மேல்சாதி) என்று மனு தரம் பிரித்து வைத்த சாதி கடந்த மணம் 1949-லேயே சட்டப்படி செல்லும் என்றாகிவிட்டது. நெல்லைச் சீமைக்கு அந்தச் சேதி இன்னும் முழுசாக வந்து சேரவில்லை.

காத்திருப்பு
சுயமரியாதை (இந்து திருமணச் சட்டம், பிரிவு 7ஏ): ஒரே நாள். ஐயரும் வேண்டாம், அக்கினியும் வேண்டாம். மாலையோ மோதிரமோ மாற்றலாம், தாலியும் கட்டலாம். ஊரறிய நடத்தத் தேவையில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.
சிறப்புச் சட்டம் (1954): 30 நாள் நோட்டீஸ். பெயர், விலாசத்தோடு அலுவலகத்தில் ஒட்டுவார்கள். பாளையங்கோட்டையில் ஒட்டினால் டீ ஆறுமுன் ஊருக்குப் போன் போய்விடும். சென்னையில் கொடுத்தாலும் தப்பாது. நிரந்தர முகவரி இங்கே என்றால் நகல் இங்கும் வந்து ஒட்டப்படும். ஆபத்தே இந்த 30 நாள்தான்.

மதம்
சுயமரியாதை: இருவரும் இந்துவாக இருக்கணும்.
சிறப்பு: தடையில்லை.

காகிதம்
சுயமரியாதை: 90 நாளுக்குள் பதிவு செய்யணும்.
சிறப்பு: மூன்று சாட்சி, சான்றிதழ் அங்கேயே.

இருவரும் இந்து, வீட்டில் எதிர்ப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், சுயமரியாதைதான். ஒருவர் கிறிஸ்தவர், மதம் மாற மனசில்லை என்றால் சிறப்புச் சட்டம்; ஆனால் நோட்டீஸ் கொடுக்குமுன்பே மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் பாதுகாப்பு மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.