ஃபைப்ராய்டு (கர்ப்பப்பைக் கட்டி) அறுவை சிகிச்சை செய்துகொள்பவர்கள் கவனத்திற்கு: ஆபரேஷன் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள்

குழந்தை வேண்டும் என்பதற்காகவே கர்ப்பப்பையை எடுக்காமல், கட்டிகளை மட்டும் லேப்ராஸ்கோப்பியில் அகற்றிக்கொண்டேன். செய்தது பெயர் பெற்ற ஒரு தனியார் மருத்துவமனை. பஞ்சுக்கும் கையுறைக்கும்கூட வரிவரியாகப் பில் போட்டவர்கள், என் வயிற்றுக்குள் என்ன செய்தார்கள் என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்: "கட்டிகள் அகற்றப்பட்டன."

தையலைக் காட்டப் போன அன்றே அவர்களுடைய கருத்தரிப்பு மையத்துக்கு அனுப்பினார்கள். "தள்ளிப்போடாதீங்கம்மா, அடுத்த மாதமே கருவை வைத்துவிடலாம், இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு" என்றார் அங்கிருந்த ஆலோசகர். என் கணவருக்கு விந்துப் பரிசோதனைகூட அதுவரை செய்திருக்கவில்லை. எதற்காக ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) என்று கேட்டோம். பதில் இல்லை.

பணம் கட்டாமல் வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் போனோம். கட்டி கர்ப்பப்பைச் சுவருக்குள் இருந்ததா, வெளிப்புறமா? எடுக்கும்போது கரு வளரும் உட்குழி திறந்ததா? எத்தனை அடுக்காகத் தைத்தார்கள்? அவர் கேட்ட எதற்கும் எங்களிடம் இருந்த காகிதத்தில் விடை இல்லை. ஆழமாக வெட்டித் தைத்த தசை நன்றாக ஆறுவதற்குள் கருத்தரித்தால், கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பிரசவ வலியின்போதோ தழும்பு கிழியலாம். அரிதுதான், ஆனால் நேர்ந்தால் தாய், குழந்தை இரண்டு உயிருக்கும் ஆபத்து. அதனால்தான் பொதுவாக 3 முதல் 6 மாதம், சிலருக்கு அதற்கு மேலும் காத்திருக்கச் சொல்கிறார்கள். வெட்டு ஆழமாக இருந்தால் வலி வருவதற்கு முன்பே, 37 வாரத்தையொட்டி சிசேரியன் செய்கிறார்கள். வெளிப்புறம் காம்பில் தொங்கிய கட்டியை எடுத்தவருக்கு இவ்வளவு கட்டுப்பாடு தேவைப்படாது. யார் எந்த வகை என்பது, அறுவையில் செய்ததை மருத்துவர் பதிவு செய்யும் ஆபரேஷன் குறிப்பில்தான் இருக்கும்.

அந்தக் குறிப்பைக் கேட்டபோது, "அது மருத்துவமனையின் உள் ஆவணம், வெளியே தரமாட்டோம்" என்றார்கள். இது பொய். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். அந்த விதியைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதி, நகலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிய பிறகுதான் கொடுத்தார்கள். பெரிய கட்டி சுவருக்குள் இருந்திருக்கிறது, உட்குழியும் திறந்திருக்கிறது. இதை எழுதி வைத்துக்கொண்டுதான் அடுத்த மாதமே கருவை வைக்கலாம் என்றார்கள்!

புதிய மருத்துவர் ஸ்கேன் பார்த்துவிட்டுக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார், பிரசவம் சிசேரியன்தான் என்பதையும் இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டார். அகற்றிய கட்டிகளின் பயாப்ஸி அறிக்கை மட்டும் இன்னும் வரவில்லை. அதற்கும் கடிதம் கொடுத்திருக்கிறோம்.