திருவனந்தபுரத்திலிருந்து டொராண்டோ: எந்த வழிக்கு எந்த விசா?

அண்ணன் மகள் படிக்க டொராண்டோ போகிறாள். மார்த்தாண்டம் வீட்டில் டிக்கெட் பார்க்கும்போது, விமானம் போகும் பாதையை அம்மாவுக்குப் போனில் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தவர், "ஈராக்கு, துருக்கி எல்லாம் தாண்டிப் போவுதே, அந்த நாட்டு விசா வேண்டாமா மக்கா?" என்றார்.

வேண்டாம். வான்வெளி அந்தந்த நாட்டுக்கே சொந்தம் என்று 1944 சிகாகோ உடன்படிக்கை சொல்கிறது. ஆனால் அனுமதி வாங்குவதும் கட்டணம் கட்டுவதும் விமான நிறுவனத்தின் வேலை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளியை மூடியது இந்திய விமானங்களுக்குத்தான். டெல்லியிலிருந்து வளைகுடா நிறுவன விமானத்தில் ஏறிய இந்தியர்கள் அப்போதும் அதே வானத்தில் பறந்தார்கள். அமெரிக்கா, தன் நிலப்பரப்புக்கு மேலே கடப்பவர்களின் பெயர், பிறந்த தேதி, பாலினத்தை முன்கூட்டியே வாங்கிச் சரிபார்க்கும். அதுவும் விசா அல்ல.

அவசரமாகத் தரையிறங்கினால்? 2023 ஜூனில் டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானம் இன்ஜின் கோளாறால் ரஷ்யாவின் மகதானில் இறங்கியது. ரஷ்ய விசா எடுத்து ஏறிய பயணம் இல்லை அது. 216 பயணிகளையும் தங்கவைத்து, மாற்று விமானத்தில் அனுப்பினார்கள்.

ஆக, பார்க்க வேண்டியது எங்கே மாறி ஏறுகிறோம் என்பதைத்தான்.

டெல்லி போய் அங்கிருந்து நேராகப் பறந்தால் கனடா விசா மட்டும் போதும். ஆனால் நம்மூர்க்காரருக்கு அது வடக்கே ஒரு சுற்று. தோஹா அல்லது அபுதாபி வழி, ஒரே டிக்கெட் என்றால், விமான நிலையத்துக்குள்ளேயே மாறிக்கொள்ளலாம், விசா இல்லை. லண்டன் வழியென்றால், உள்ளேயே மாறினாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா, அதாவது இறங்கி மாறிப் போவதற்கான விசா, கேட்பார்கள். செல்லுபடியாகும் கனடா விசா இருந்தால் விலக்கு உண்டு. நியூயார்க் வழி வேண்டவே வேண்டாம்: அமெரிக்காவில் வெளியே போகாமல் மாறும் ஏற்பாடே கிடையாது, இரண்டு மணி நேரத்துக்கும் விசா வேண்டும். ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் சொந்தங்களுக்கோ ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றிலும் டிரான்சிட் விசா கேட்பார்கள், செல்லுபடியாகும் கனடா விசா இருந்தால் அங்கும் விலக்கு உண்டு.

எனக்குப் பயமே அடுத்ததில்தான். விலை குறைவு என்று இரண்டு தனித்தனி டிக்கெட் போடுவது. தெரிந்த பையன் ஒருவன் அப்படிப் போட்டான். நடுவே ஒரு வளைகுடா நகரில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்கு இமிகிரேஷன் தாண்ட வேண்டும், அதற்கு விசா வேண்டும். திருவனந்தபுரம் கவுண்டரிலேயே நிறுத்திவிட்டார்கள். முந்திரிக்கொத்து டப்பா பிதுங்கிய பெட்டியைத் தள்ளிக்கொண்டு களியக்காவிளை வழியாகத் திரும்பி வந்தான். இரண்டாவது டிக்கெட் பணமும் போயிற்று. அந்த வீட்டில் அன்று யாரும் சாப்பிடவில்லை.

சரி, நாங்கள் தோஹா வழியே போட்டுவிட்டோம், ஒரே டிக்கெட். டெல்லி வழியைவிட விலை கொஞ்சம் கூடத்தான், பரவாயில்லை. பெட்டியில் ஒட்டும் சீட்டில் கடைசி ஊராக ஒய்-ஒய்-இசட், அதாவது டொராண்டோ, இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கவுண்டரை விட்டு நகர வேண்டும் என்று பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன்.