மெயின் சப்ஜெக்ட் தேர்வு கவுன்சலிங்: நம்பி போகலாம், ஆனா சில குறை இருக்கு

டீச்சர் ட்ரெய்னிங்ல சேர்ந்ததும் முதல்ல மண்டைய குடையுறது எந்த சப்ஜெக்ட்டை மெயினா எடுக்குறதுங்கறதுதான். அதுக்குன்னே நாங்க படிக்குற இடத்துல அனுபவமுள்ள டீச்சர்ஸை வச்சு கவுன்சலிங் நடத்துறாங்க, ஃபார்ம் குடுக்குறதுக்கு முன்னாடி யார் வேணா போகலாம். போயிட்டு வந்தேன், எனக்கு ரொம்ப திருப்தி.

பொதுவா நாம மார்க்கைப் பாத்துதான் எடுக்குறோம், இல்லனா ஸ்கூல்ல பிடிச்ச டீச்சர் நடத்துன சப்ஜெக்ட், அதுவும் இல்லனா எதுல வேலை சீக்கிரம் கிடைக்கும்னு வீட்ல சொல்றது. இங்க இருந்த மேடம் மார்க் ஷீட்டைக் கேக்கவே இல்லைங்க. ஒரு பையன் எழுதுன பேப்பரை நீட்டுனாங்க, அதுல 1/2 + 1/3 = 2/5னு இருந்துச்சு. தப்புன்னு எல்லாரும் உடனே சொல்லிட்டோம். "அது சரி, என்ன நெனச்சு இப்படி போட்டான், அதைச் சொல்லுங்க"ன்னாங்க. மேல இருக்குறதை மேலயும் கீழ இருக்குறதை கீழயும் கூட்டியிருக்கான், பின்னத்தை ஒரே எண்ணா பாக்காம ரெண்டு தனி எண்ணா பாக்குறான், அரையோட இன்னொண்ணைக் கூட்டுனா விடை எப்படி அரையை விட கம்மியாச்சுன்னு அவனையே யோசிக்க வைக்கலாமேன்னு பேச ஆரம்பிச்சு நேரம் போனதே தெரியல. அடுத்து சயின்ஸ், செடிக்கு சாப்பாடு மண்ணுல இருந்துதான் வருதுன்னு பசங்க ஏன் அவ்ளோ உறுதியா நம்புறாங்கன்னு கேட்டாங்க. கணக்குல நல்ல மார்க் வச்சிருந்த ஒரு பொண்ணு அதுவரைக்கும் சும்மாவே இருந்தா, ஒரு குழந்தை எழுதுன கட்டுரையைக் கையில குடுத்ததும் வரிக்கு வரி பேசுனா. யாருக்கு எது ஒத்துவரும்னு அங்கயே பளிச்னு தெரிஞ்சுடுச்சு!

பாடம் தெரியுறது வேற, அதைப் பசங்களுக்குப் புரியுற மாதிரி குடுக்கத் தெரியுறது வேறன்னு அமெரிக்க கல்வி உளவியலாளர் லீ ஷுல்மன் 1986ல எழுதுனதை நாம தியரி பேப்பருக்காக மனப்பாடம் பண்றோம், அதோட அர்த்தம் எனக்கு இந்த செஷன்லதான் புரிஞ்சுது. நம்ம சப்ஜெக்ட்ல பசங்க பண்ற தப்பு நமக்கு எரிச்சலா இருக்கா, இல்ல ஏன்னு தெரிஞ்சுக்கணும்னு தோணுதான்னு பாத்து எடுக்குறதுதான் சரின்னு நான் நிஜமாவே நம்புறேன், ஏன்னா வருஷக்கணக்கா அதே தப்பைத்தான் புதுப்புது பசங்ககிட்ட பாக்கப் போறோம்.

மொழிப் பாடம்னா கட்டுரைக் கட்டைத் திருத்த எவ்ளோ நேரம் போகும், சயின்ஸ்னா லேப் ரெடி பண்றதும் நம்ம தலைலதான்னு ஒளிக்காம சொன்னாங்க, அதுவும் நல்லா இருந்துச்சு.

குறைன்னா, கூட்டம் ஜாஸ்தி, பின்னாடி உக்காந்தவங்க வாயே திறக்கல. இரண்டாவது சப்ஜெக்ட் பத்தி அவசர அவசரமா முடிச்சுட்டாங்க, வேலைல சேர்ந்தப்புறம் அதையும் நடத்தச் சொல்ல வாய்ப்பு இருக்கே. வேலைவாய்ப்புன்னு கேட்டா மேத்ஸ், பிசிக்ஸ்க்கு டிமாண்ட்னு ஒரே வரி. டிகிரில படிச்ச சப்ஜெக்ட்டும் ட்ரெய்னிங்ல எடுக்குற சப்ஜெக்ட்டும் பொருந்தலைன்னா அப்ளிகேஷனே நிக்காம போகலாம், அந்த விதியைப் பாத்துக்கோங்கன்னு கண்டிப்பா சொல்லியிருக்கணும்.

போறவங்க ஃபார்ம் கடைசி தேதி வரைக்கும் இழுக்காதீங்க, அப்போதான் கூட்டம் அள்ளும். குழப்பத்துல இருக்குற ரெண்டு சப்ஜெக்ட்லயும் ஒவ்வொரு மைக்ரோ டீச்சிங் (கொஞ்ச பேருக்கு சின்ன பாடம் ஒண்ணை நடத்திப் பழகுறது) பண்ணிப் பாக்கணும்னு கேளுங்க, அவங்களா சொல்ல மாட்டாங்க, கேட்டா ஏற்பாடு பண்றாங்க.