பெயர் மாறிய ஐரோப்பிய ஆர்க்கிட்கள்: புது வகைப்பாடு களத்தில் எப்படி உழைக்கிறது?

1997-இல் பேட்மன், பிரிட்ஜன், சேஸ் ஆகிய தாவரவியலாளர்கள் டி.என்.ஏ. ஆதாரத்தில் ஓர்கிஸ் என்ற ஆர்க்கிட் பேரினத்தை (நெருங்கிய இனங்களின் தொகுதி) கலைத்துப் போட்டார்கள். அதிலிருந்த மோரியோ இனம் அனகாம்ப்டிஸ் பேரினத்துக்குப் போனது, உஸ்டுலாட்டா இனம் நியோட்டினியாவுக்கு. பழைய கையேட்டில் பழகியவர்களுக்கு முதலில் எரிச்சல்தான். பல பருவங்கள் பயன்படுத்திய பிறகு சொல்வதென்றால், பேரின அளவில் இது நன்றாகவே உழைக்கிறது. மோரியோவுக்கு 36 குரோமோசோம், ஓர்கிஸ் மாஸ்குலாவுக்கு 42; இரண்டும் ஒரே வீட்டில் இருந்ததுதான் பொருத்தமில்லாதது.

களத்தில் இவ்விரண்டையும் பிரிக்க நிறத்தை நம்பாதீர்கள். பக்கப் புல்லிதழ்களைப் பாருங்கள். மோரியோவில் அவை முக்காடாகக் கவிந்திருக்கும், உள்ளே பச்சை நரம்புகள் தெளிவாக ஓடும். மாஸ்குலாவில் அவை மேல்நோக்கி விரிந்து நிற்கும், வரி இருக்காது. 10 மடங்கு கைலென்ஸ் போதும்.

சிக்கல் டாக்டிலோரைசா என்ற பேரினத்தில் தொடங்குகிறது. அதிலுள்ள ஃபுக்சியை, இன்கர்னாட்டா இனங்கள் இரண்டும் 40 குரோமோசோம் கொண்டவை. இவ்விரண்டின் மரபுவழிகள் கலந்து, குரோமோசோம் இரட்டித்துப் பிறந்தவைதான் பிரேடெர்மிஸ்ஸா, டிரான்ஸ்டைனரி போன்ற 80 குரோமோசோம் சதுப்புநில ஆர்க்கிட்கள். அவை மறுபடியும் கலக்கும். அதனால் ஒற்றைச் செடியைப் பார்த்துப் பெயர் எழுதினால் தப்பாகும். ஒரே இடத்தில் குறைந்தது பத்துச் செடிகளைத் தேர்ந்துகொண்டு, பூங்கதிரின் நடுப்பூவில் உதட்டிதழின் (உதடுபோல் அமைந்த தனி இதழ்) நீள அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து, சராசரி பாருங்கள். அடிப்பூக்கள் பெரும்பாலும் வடிவம் கெட்டிருக்கும். தண்டை மெல்ல அழுத்தினால் இன்கர்னாட்டா உள்ளே வெற்றுக்குழலாக அமுங்கும்.

ஓஃப்ரிஸ் பேரினம்? இங்கே வகைப்பாடு கைகொடுப்பதில்லை. ஒரு தரப்புக்குப் பத்துச் சொச்சம் இனங்கள். இன்னொரு தரப்புக்கு முந்நூறுக்கும் மேல். பூ பெண் தேனீயின் வாசனையைக் காட்டி ஆண் தேனீயை ஏமாற்றுவதால், எந்தத் தேனீ வருகிறதோ அதை வைத்து இனம் பிரிக்கிறார்கள். டி.என்.ஏ. பல இடங்களில் அந்தப் பிரிவினையை ஆதரிப்பதில்லை. அதனால் தனி இனப்பெயருக்குப் பதில் ‘ஸ்ஃபெகோடெஸ் குழு’ என்பதுபோல் நெருங்கிய இனங்களின் குழுப்பெயரை எழுதி, பூவின் முன்பக்கம், பக்கவாட்டு, முழுச்செடி என மூன்று படம் எடுத்து வைப்பது உத்தமம். அபிஃபெரா இனம் மட்டும் விதிவிலக்கு: மகரந்தத் திரள்கள் மெல்லிய காம்பில் கீழே தொங்கித் தன் சூலகமுடியையே தொடுவது லென்ஸில் தெரியும்.

குறிப்பேட்டில் பழைய பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். டாக்டிலோரைசா விரிடிஸ் என்று மட்டும் தேடினால், கோலோகுளோசம் என்ற அதன் பழைய பேரினப் பெயரில் எழுதப்பட்ட உலர்தாவரத் தாள்கள் கண்ணில் படாது.