ஷிஃப்ட் முடிந்து கணிதம் படிக்க மூன்று வழி

பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வேலையை விடாமல் கணிதப் பட்டம் படிக்க வழி தேடியபோது, கடைசியில் மூன்று மிஞ்சின: யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) தொலைக்கல்வி, லண்டன் பல்கலைக்கழகம், பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி. எல்லாரையும் போல நானும் முதலில் கட்டணத்தைத்தான் பார்த்தேன். இப்போது யாராவது கேட்டால், நீங்கள் எழுதும் நிரூபணத்தை யார் படித்துத் திருத்துவார் என்று விசாரியுங்கள் என்பேன்.

லண்டன் 1858 முதல் வெளிமாணவர்களை, அதாவது வளாகத்துக்கு வராமலே படிப்பவர்களை, சேர்க்கிறது. எல்எஸ்இ (லண்டன் பொருளாதாரக் கல்லூரி) பொறுப்பில் நடக்கும் அதன் பட்டம் கணிதமும் பொருளாதாரமும் கலந்தது. கணிதம் மட்டும் போதும் என்பவருக்கு அதுவே இடறும். பாட வழிகாட்டிகள் தெளிவானவை, ஆனால் மதிப்பெண் பெரும்பாலும் இறுதித் தேர்வில்தான். வருஷம் முழுக்க உங்கள் தப்பை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். எனக்கு அந்த நெஞ்சுரம் இல்லை.

யூஎஸ்எம் 1971 முதல் தொலைக்கல்வி நடத்துகிறது. கட்டணம் மலேசிய வெள்ளியில், வளாகமும் பக்கத்திலேயே. பெரிய சிக்கல் எனக்கு மொழி, அங்கே பாடம் மலாயில். 2003-இல் மலேசியப் பள்ளிகளில் கணிதத்தை ஆங்கிலத்துக்கு மாற்றினார்களே, அந்தக் காலத்துப் பிள்ளை நான். லிமிட் என்று படித்ததை 'ஹாட்' என்றும், இன்டக்ரலை 'காமிரான்' என்றும் புதிதாகப் பழக வேண்டும். பட்டர்வொர்த்தில் இருக்கும் நண்பர் அங்கேதான் படித்தார். ஆண்டுதோறும் மாணவர்களை வளாகத்துக்கு வரவழைத்து நடத்தும் தீவிர வகுப்புதான் தன்னைக் கரை சேர்த்தது என்பார். ஒரே கணக்கை வைத்துக்கொண்டு நாலைந்து பேர் ராத்திரி வரை சண்டை போட்டார்களாம். வேறெங்கும் காசு கொடுத்தாலும் கிடைக்காத விஷயம் அது.

நான் சேர்ந்தது மூன்றாவதான ஓப்பன் யுனிவர்சிட்டியில். பவுண்டில் கட்டணம் கட்டுவது கசக்கத்தான் செய்தது. 60 கிரெடிட் பாடம் ஒன்றுக்குச் சுமார் 600 மணி நேரம் உழைக்க வேண்டும். குளிர்காலத்தில் அங்கே மாலை ஏழு மணி வகுப்பு என்றால் இங்கே விடியற்காலை மூன்று. நைட் ஷிஃப்ட்காரனுக்கே கண் சொக்கும் நேரம். வகுப்பைப் பதிவு செய்து வைத்திருந்தால் பிறகு பார்ப்பேன், இல்லையென்றால் போனது போனதுதான்.

ஆனால் ஒப்படைப்புகளைத் திருத்த ஓர் ஆசிரியர் இருக்கிறார். 1, 1/2, 1/3 என்று போகும் தொடர்வரிசையின் எல்லை (லிமிட்) பூஜ்யம் என்று நிரூபிக்க, "உறுப்புகள் போகப்போகப் பூஜ்யத்தை நெருங்குகின்றன, ஆகவே எல்லை பூஜ்யம்" என்று எழுதி அனுப்பியிருந்தேன். ஓரத்தில் இரண்டே கேள்விகள் வந்தன: "எவ்வளவு நெருக்கம்? எந்த உறுப்பிலிருந்து?" ஒரு மணி நேரம் முறைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. 0.001-ஐ விடக் குறைந்த இடைவெளி வேண்டும் என்று ஒருவர் கேட்டால், 1001-ஆவது உறுப்பிலிருந்து எல்லாமே அதற்குக் கீழே என்று காட்ட வேண்டும். எவ்வளவு சின்ன எண்ணைக் கொடுத்தாலும் அப்படி ஓர் இடத்தைக் காட்ட முடிந்தால்தான் அது நிரூபணம். பாடநூலிலும் அதே சங்கதிதான் இருந்தது, இரண்டு முறை படித்தும் ஏறவில்லை.

அரசாங்க வேலைக்காகப் படிப்பவர் யூஎஸ்எம் பக்கம் போவதுதான் சரி. வெளிநாட்டுப் பட்டம் என்றால் பணம் கட்டும் முன்பே அங்கீகாரத்தை எம்கியூஏவில் (மலேசியத் தகுதி முகமை) கேட்டுக்கொள்ளுங்கள். பொருளாதாரமும் பிடித்து, தனியாக உட்காரவும் தெம்பு இருப்பவருக்கு லண்டன். அதில் சேர்ந்திருக்கும் என் கூட்டாளி ஒருவன் நிரூபணங்களை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்புகிறான். பெரும்பாலும் நான் திருப்பி அனுப்புவது ஒரே வரி: எந்த உறுப்பிலிருந்து?