ஸ்பெக்ட்ரமா, கொமடோரா: யாழ்ப்பாணத்து உப்புக்காற்றை எது தாங்கும்?

சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம், கொமடோர் 64 என்ற வீட்டுக் கொம்பியூட்டர்கள் இரண்டும் 1982இல் வந்தவை. இலண்டனில் இருக்கிற சித்தப்பாவிடம் "பழைய கொம்பியூட்டர் ஒன்று தேடித் தாங்கோ" என்று கேட்பதானால் எதைக் கேட்பது? நான் சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் 48கே என்றுதான் சொல்வேன்.

முதலில் கரண்ட். நம்மூரில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், ரீவி பி.ஏ.எல். முறை. இங்கிலாந்துப் பெட்டி அப்படியே ஓடும். ரொறன்ரோவிலிருந்து வருவது 120 வோல்ட்டுக்கும் என்.டி.எஸ்.சி. முறைக்கும் செய்தது. சொந்தக்காரர் சும்மா தந்தாலும் யோசித்து வாங்குங்கள்.

கொமடோர் 64இன் கீபோர்ட் உறுதியானது, ஒலியும் அருமை. அதை எமன் போலத் தொடர்வது அதன் பவர் சப்ளை. உள்ளே பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள், திறந்து திருத்த வழியில்லை. வயதாக 5 வோல்ட் மெல்ல ஏறும். முதலில் சாவது மெமரி சிப். மீற்றர் 5.25க்கு மேல் காட்டினால் அந்தச் சப்ளையைத் தொடவே வேண்டாம், புதிது வாங்குங்கள். படத்துக்கு விக், ஒலிக்கு சிட், பிறகு பி.எல்.ஏ. என்று அதற்கென்றே செய்த சிப்புகளும் பல; நல்ல சூடாகும்.

ஸ்பெக்ட்ரமில் அப்படிச் செய்தது யூ.எல்.ஏ. என்ற சிப் ஒன்றுதான். மற்றதெல்லாம் இலக்கம் சொல்லித் தேடக்கூடிய சாமான்கள். குறை இல்லாமலில்லை. மூடியைத் தூக்கினால் கீபோர்டிலிருந்து இரண்டு மெல்லிய பட்டிகள் போர்டுக்குப் போகும். நாற்பது வருடத்தில் அவை காவோலை மாதிரி. கொஞ்சம் வளைத்தாலே வெடிக்கும். ஆனால் அந்தப் பட்டிகளோடு சேர்ந்த கீபோர்ட் தாளை, அதாவது மெம்பிரேனை, இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். 4116 என்ற மெமரி சிப் எட்டுக்கும் +5, +12, -5 என மூன்று மின்னழுத்தம் வேண்டும். -5 விழுந்தால் அவை போய்விடும். சாக்கெட் வைத்து மாற்றலாம், பொறுமை வேண்டும். பின்பக்க இணைப்பு திறந்தே கிடப்பதால் கடலோரக் குருநகர்ப் பக்கம் இருப்பவர்கள் அதில் பச்சை பிடிக்காமல் அடிக்கடி துடைக்க வேண்டும். வாடைக் காலத்தில் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவுக்குள் வையுங்கள்.

1992இல் வந்த கொமடோரின் அமிகா 600, 1200 கொம்பியூட்டர்கள் வேண்டாம். கப்பாசிற்றர் கசிந்து போர்டையே தின்னும்.

சித்தப்பாவின் பொதியில் புது மெம்பிரேனும் சரியான அடப்ரரும் சேர்ந்து வரட்டும். ஸ்பெக்ட்ரமுக்கு நடுவில் மைனஸ், வெளியே பிளஸ். கடை அடப்ரர்கள் பெரும்பாலும் அதற்கு எதிர்மாறு. மாறிச் செருகினால் பெட்டி பழுது.